11 வயது நாட்டு நாய், 70ஐ ஒட்டிய இரண்டு பேர், வழுக்கும் தரை: எதை முதலில் சரி செய்வது?

#1 கிணற்றடி

வீட்டில் ஆள் இரண்டு பேர், வயது 72, 68. நாய் ஒன்று. பெண், நாட்டு நாய், கருத்தடை ஆனது, 11 வயது, 18 கிலோ. தரைத்தள வீடு, பளபளப்பான டைல்ஸ், வாசலில் இரண்டு படி.

பிரச்சினை மூன்று. ஹாலில் நடக்கும்போது பின்னங்கால் விரிந்து உட்கார்ந்துவிடுகிறது. உண்ணிக்கு மருந்து ஊற்றினால் இரண்டு வாரம் காணோம், மூன்றாவது வாரம் காதுக்குள் மறுபடி கொத்தாக இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து வீடு முழுக்க நடக்கிறது, சில நாள் சுவரைப் பார்த்துக் குரைக்கிறது.

சாப்பாடு காலையில் பால், இரவில் தயிர்சாதம், ஞாயிறு மட்டும் கறி. டாக்டரிடம் காட்டத்தான் போகிறோம். அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவற்றைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெட்னரிவாசல்

முதலில் தரை. அதை நாய்க்காக மட்டும் சொல்லவில்லை. வழுக்கிய நாய் போய் மோதுவது உங்கள் முழங்காலில்தான்.

கிழ நாய்க்குப் பின்னங்கால் தசை வற்றிப்போகும், இடுப்பு மூட்டு தேயும். பிடிமானம் இல்லாத தரையில் காலை அகட்டி வைக்கும், அப்படி அகட்டுவதே மூட்டு வலியை இன்னும் கூட்டும். வலி வந்தால் நடை குறையும், நடை குறைந்தால் தசை மேலும் வற்றும். டைல்ஸை மாற்ற வேண்டியதில்லை. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து பின்கதவு, இந்த ஒரு வழித்தடத்துக்கு மட்டும் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியை நீளமாகப் போட்டால் போதும். யோகா மேட்டை 2 அடி அகலத்தில் வெட்டிப் போடலாம். தேங்காய் நார் மிதியடி வேண்டாம், டைல்ஸில் அது சறுக்கும். எதைப் போட்டாலும் நான்கு ஓரத்தையும் இரட்டைப் பக்க டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள். தூக்கி நிற்கும் ஓரம் மனிதர் காலையும் வாரிவிடும்.

அடுத்தது நகம். நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. நடக்கையில் டைல்ஸில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம். நாட்டு நாய்க்குப் பெரும்பாலும் கறுப்பு நகம், உள்ளே ரத்த நரம்பு எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. அதனால் ஒரே வெட்டாக வெட்டாமல் 1 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச் சீவி வாருங்கள். வெட்டுமுகம் முதலில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக இருக்கும். அதன் நடுவில் ஈரமான கருப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை நகத்தில் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

#3 இழைப்புளி

வாசல் படிக்குச் சரிவுப் பலகை செய்யலாம். இரண்டு படி என்றால் உயரம் சுமார் 30 செ.மீ. இருக்கும். பலகை நீளம் குறைந்தது 120 செ.மீ., இடம் இருந்தால் 150. அதற்குக் குறைத்தால் சரிவு செங்குத்தாகி, ஏறவே மாட்டேன் என்று நிற்கும். 18 மி.மீ. பிளைவுட், அகலம் 45 செ.மீ., இரு பக்கமும் 2 அங்குல உயரத்தில் ரீப்பர் அடித்துத் தடுப்பு. மேலே ரப்பர் ஷீட்டை ஃபெவிகால் போட்டு மட்டும் ஒட்டினால் மழையில் பெயர்ந்துவிடும், தலை தட்டையான ஆணியும் அடிக்க வேண்டும். மேல் முனையில் ஒரு கொக்கி வைத்துப் படியில் மாட்டுங்கள். ஏறும்போது பலகை ஒரு தடவை நகர்ந்துவிட்டால் அப்புறம் அந்த நாய் அதில் கால் வைக்காது.

#4 வெட்னரிவாசல்

நல்ல அளவு. தூக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 18 கிலோவை 70 வயதில் தனியாகக் குனிந்து தூக்காதீர்கள். பழைய போர்வையை நான்காக மடித்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்பாரத்தை நீங்கள் தாங்குவீர்கள், நாய் தன் காலாலேயே நடக்கும். உங்களுடையது பெண் நாய் என்பதால் சுலபம். ஆண் நாய் வைத்திருப்பவர்கள் துணி சிறுநீர் வரும் இடத்தை நசுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைக்குக் கூட்டிப் போகும்போது கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் நல்லது. கயிறு 4 அடி போதும். அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பூனையைப் பார்த்து இழுத்தால் கயிறு போகட்டும், கை எலும்பு போகக் கூடாது.

#5 திண்ணைப்பேச்சு

உண்ணிக்கு எதற்கு இவ்வளவு கெமிக்கல்? வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவினால் ஓடிவிடும். பெரியவர்கள் செய்ததுதான்.

#6 உண்ணிவேட்டை

திண்ணை அண்ணே, கற்பூரம் மட்டும் வேண்டாம். நாய் உடம்பில் தடவியதை நக்கித்தான் தீரும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஆனால் வீட்டுக்குள் குடியேறிவிட்ட உண்ணியை அது ஒன்றும் பண்ணாது.

கிணற்றடி, உங்கள் ‘மூன்றாவது வாரம்’தான் இதில் துப்பு. நாய் மேல் தெரிவது மொத்தப் பட்டாளத்தில் ஒரு பங்கு. பழுப்பு நாய் உண்ணி குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று மூன்று பருவத்திலும் தனித்தனியாக நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். குடித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிவிடும். தோலுரிப்பதும் முட்டையிடுவதும் எல்லாம் சுவர் விரிசல், கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு, கட்டில் கால் பொருத்து, சுவிட்ச் பாக்ஸ் ஓரம், இந்த மாதிரி இடங்களில்தான். மேல்நோக்கி ஏறுவது அதன் புத்தி. தரையை மட்டும் துடைத்துவிட்டு உத்தரத்தைப் பார்க்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சாம்பல் நிறத்தில் உளுந்து மாதிரி உப்பி இருக்கிறதே, அது வயிறு நிறைந்த பெண். ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெக்கையில் முட்டை மூன்று நான்கு வாரத்தில் பொரிந்துவிடும். நீங்கள் குளிப்பாட்டிக் கொன்றது பழைய கூட்டம், காதில் இப்போது இருப்பது சுவரிலிருந்து இறங்கி வந்த புதுக் கூட்டம். ரத்தம் கிடைக்காமலே முதிர்ந்த உண்ணி பல மாதம் காத்திருக்கும்.

ஆகவே ஒரு குளியலோடு முடிகிற வேலை இல்லை. நாயின் மேல் மருந்து மூன்று நான்கு மாதம் இடைவெளி விழாமல் இருக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க வீட்டு உண்ணிக்கு நாயே பொறி. ஏறுகிற ஒவ்வொன்றும் சாகும், சுவரில் இருப்பு தீர்ந்துபோகும். மாதம் ஒரு முறை கொடுக்கும் மாத்திரை உண்டு, 12 வாரம் தாங்குவதும் உண்டு. எடைக்கு ஏற்ற அட்டையைத்தான் வாங்க வேண்டும். 20–40 கிலோ மாத்திரையைப் பாதியாக உடைத்து 18 கிலோவுக்குக் கொடுக்காதீர்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த வகை மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடும். பிடரியில் விடும் சொட்டு மருந்து என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய கையோடு சொட்டு விட்டுவிட்டு ‘மருந்து போலி’ என்பார்கள். தோலின் எண்ணெயில்தான் அந்த மருந்து பரவும், அதைத்தான் ஷாம்பு வழித்துக்கொண்டு போயிருக்கும்.

நாய் படுக்கும் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். சுவர் விரிசலை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

பிடுங்குவதானால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது. தீக்குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

#7 கிணற்றடி

ஊற்றுவது அமிட்ராஸ் 12.5 சதவீதம். லிட்டருக்கு 2 மி.லி. கலக்குகிறோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கை நடுக்கத்துக்கும் மாத்திரை உண்டு. குளிப்பாட்டுவது அவர்தான்.

#8 மாத்திரைடப்பா

உடனே நிறுத்துங்கள் அம்மா. அளவு சரிதான், கைதான் மாற வேண்டும்.

அமிட்ராஸ் தோல் வழியாகவும் உள்ளே போகும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கையாளக் கூடாது. நாய்க்குச் சர்க்கரை இருந்தாலும் அதே விதி. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கை நடுக்கத்துக்கு, அதாவது பார்க்கின்சனுக்குக் கொடுப்பதில் செலிஜிலின், ராசாஜிலின் என்று இரண்டு மருந்து உண்டு. உடம்பில் அவை தடுக்கும் நொதியையே அமிட்ராஸும் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் அவர் அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ராத்திரி நடக்கிற நாய்க்கு டாக்டர் செலிஜிலினே எழுதலாம், முதிய நாய்களின் மறதிக்குக் கொடுக்கிற மருந்து அது. அமிட்ராஸ் குளியல் நடக்கிறது என்று சொல்லாமல் வாங்கி வந்துவிட்டால் ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்துவிடும். உண்ணி மருந்தையும் மருந்தாகவே கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

#9 வெட்னரிவாசல்

மாத்திரைடப்பா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 11 வயது நாய்க்கு அமிட்ராஸ் சோர்வையும் இதயத் துடிப்புக் குறைவையும் கொண்டுவரலாம், மாத்திரைக்கோ சொட்டு மருந்துக்கோ மாறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உண்ணி இத்தனை நாள் இருந்திருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். உண்ணி பரப்பும் நோய் இரண்டு, எர்லிக்கியா, பேபீசியா. எர்லிக்கியா வந்தால் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறையும், காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, சில சமயம் மூக்கில் ரத்தம். பேபீசியா என்றால் ஈறு வெளுக்கும், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போகும். தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். பத்தாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும், அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, உணவோடு கொடுத்துப் பின்னால் தண்ணீர் குடிக்கவையுங்கள். தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். பாலோடும் தயிரோடும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது.

#10 மாத்திரைடப்பா

வயதானவர்கள் வீட்டில் நாய்க்கு ஆபத்து தெருவில் இல்லை, மாத்திரை டப்பாவில் இருக்கிறது. பேருக்கேற்ற வேலை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழங்காலுக்குத் தடவும் வலி ஜெல்லில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும். தடவிய காலை நாய் பாசமாக நக்கும். தினமும் நக்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கோளாறு. தடவியதும் வேட்டி, புடவைக்குள் மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாய் வேறு அறையில் தூங்கும் நேரம் பார்த்துத் தடவுங்கள்.

வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி3. நான்கு கேப்ஸ்யூல் உள்ள பட்டையை நாய் கடித்து முழுசாக விழுங்கினால் கால்சியம் எகிறிச் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். முதல் நாள் ஒன்றுமே தெரியாது. அதனால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று காத்திருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கான மிட்டாய், சூயிங்கம், பற்பசை வாங்கினால் அட்டையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று படியுங்கள். நாய்க்கு அது நிமிடக் கணக்கில் ரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கும்.

நம்முடைய வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது பெரிய பாவம். உதாரணத்துக்கு மெலாக்சிகாம். நாய்க்கும் அதே மருந்து உண்டுதான். ஆனால் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி., 18 கிலோவுக்கு 1.8 மி.கி. நம் மாத்திரை 7.5 அல்லது 15. பதினைந்தில் பாதி கொடுத்தாலே நான்கு மடங்கு ஆகிவிடும். நாய்க்கென்று சிரிஞ்சு அளவோடு வரும் திரவம் இருக்கிறது, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதுவார்.

கடைசியாக, வீட்டில் இரண்டு பேரும் மறக்கிற வயது. காலை மாத்திரையை அவரும் கொடுத்து நீங்களும் கொடுப்பது சகஜமாக நடக்கும். நாயும் ‘ஏற்கெனவே ஆச்சு’ என்று சொல்லாது, மாத்திரையை வைத்துக் கொடுக்கும் பன்னில் இரண்டாவது துண்டும் லாபம்தானே. தினசரித் தாள் கிழிக்கும் காலண்டரை நாய்க்கென்று ஒன்று மாட்டுங்கள். மாத்திரை கொடுத்தவர்தான் தாளைக் கிழிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு வேளை மருந்து என்றால் காலையில் தாளில் ஒரு கோடு, இரவில் கிழிப்பது.

#11 திண்ணைப்பேச்சு

கற்பூரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தயிர்சாதத்தையும் விடமாட்டீர்களா? சைவ வீட்டு நாயெல்லாம் 15 வருஷம் இருந்திருக்கிறதே.

#12 வெட்னரிவாசல்

தயிர்சாதம் விஷமில்லை அண்ணே, போதாது, அவ்வளவுதான். வயதாக ஆகப் புரதம் குறைந்தால் தசை கரையும், அந்தப் பின்னங்கால் வழுக்கலுக்கு அதுவும் ஒரு காரணம்.

18 கிலோ கிழ நாய்க்கு நாளைக்கு சுமார் 800 கலோரி வேண்டும். வீட்டுச் சமையலில் சொன்னால், வெந்த சாதம் 250 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 200 கிராம், முட்டை ஒன்று, பரங்கியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்சியில் மாவாகப் பொடித்து நாளைக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் சுமார் 1 கிராம் கால்சியம் கிடைக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ இவற்றுக்கு டாக்டரிடம் ஒரு சத்துப்பொடி கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு முழுதும் மாறும், அதனால் ரத்த ரிசல்ட் வந்த பிறகு தொடங்குங்கள். கறி சமைக்காத வீடு என்றால் முட்டையும் பனீரும், இல்லையென்றால் கடையில் விற்கும் முதிய நாய் உணவு.

வெங்காயம் பூண்டு போட்ட குழம்புச் சாதம் வேண்டாம், சிவப்பணு உடையும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. பாயசத்தில் கிடக்கும் அந்த நான்கு திராட்சையையும் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

#13 கிணற்றடி

நன்றி. ராத்திரி நடையைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

#14 வெட்னரிவாசல்

வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். ‘வயசாச்சு, மறதி’ என்று முதலில் முத்திரை குத்தினால் வேறு நோய் தப்பிவிடும். மூட்டு வலி, சிறுநீர்த் தொற்று, கண் பார்வை, காது, சிறுநீரகம், இவற்றை விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் மறதி.

மறதிக்கென்று சில அடையாளம் உண்டு. திறந்த கதவு இருக்க, கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்று யாராவது திறப்பார்கள் என்று காத்திருக்கும். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் நிற்கும். பகலில் தூக்கம், ராத்திரி நடை. சாப்பிட்டு முடித்த கிண்ணத்தின் முன்னால் மறுபடி நிற்கும்.

ஒரு வாரம் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று தண்ணீர். காலையில் 2 லிட்டர் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளங்கள். 18 கிலோவுக்கு 1 லிட்டர் அக்கம்பக்கம் இயல்பு, 1.8 லிட்டரைத் தாண்டினால் சிறுநீரகமோ சர்க்கரையோ ஹார்மோனோ ஏதோ இருக்கிறது. இரண்டாவது மூச்சு. ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குக் கீழே இருந்தால் சரி. தொடர்ந்து மேலே போனால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். மாலை 5 மணிக்கு மேல் மெதுவான நடை ஒன்று, படுக்கும் முன் சிறுநீர் கழிக்க ஒன்று. தரை மட்டத்தில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும், நாய்க்கும் வழி தெரியும், 2 மணிக்கு பாத்ரூம் போகும் உங்களுக்கும் குறுக்கே படுத்திருக்கும் நாய் தெரியும். கழுத்தில் சின்ன சலங்கை ஒன்று கட்டுங்கள். பார்வை மங்கிய நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாதீர்கள், முதலில் குரல் கொடுங்கள். திடுக்கிட்டுக் கடித்துவிடும். அப்படிக் கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அங்கே அதையும் சொல்ல வேண்டும்.

#15 கிணற்றடி

சனிக்கிழமை போகிறோம். கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

#16 மாத்திரைடப்பா

நாயின் மருந்து எல்லாம், கூடவே உங்கள் இருவருடைய மருந்து அட்டைகளின் போட்டோ. தடுப்பூசி அட்டை. தண்ணீர், மூச்சுக் கணக்கு எழுதிய தாள். நடை எப்படி இருக்கிறது என்று பின்னாலிருந்து 20 நொடி வீடியோ ஒன்று, ராத்திரி நடையில் ஒன்று. டாக்டர் மேசையில் ஏற்றினால் எந்த நாயும் நொண்டாது.

#17 வெட்னரிவாசல்

காலை முதல் சிறுநீரும் வேண்டும். பெண் நாய்க்குப் பிடிப்பது கஷ்டம் என்பார்கள். பழைய குழிக்கரண்டி ஒன்றைத் துடைப்பக் குச்சியின் நுனியில் கட்டி, அது உட்கார்ந்து தொடங்கிய பிறகு பின்பக்கமாக நீட்டுங்கள். முன்னாடியே நீட்டினால் எழுந்துவிடும். இரண்டு தேக்கரண்டி போதும். மெடிக்கலில் விற்கும் சுத்தமான டப்பாவில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். டப்பா மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஃபிரிட்ஜில் எலுமிச்சை சாறும் இருக்கும்.